அகஸ்டாவின் புல்வெளி



டென்னிஸ் ஆடுகளம் எந்த நாட்டில் அமைந்தாலும் அதன் நீளம் 78 அடிதான். கிரிக்கெட்டில் இரு விக்கெட்டுகளுக்கும் இடையே உள்ள தூரம் 22 கெஜம். அதில் ஓர் அங்குலம் கூட்டவோ குறைக்கவோ எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் கோல்ப் விளையாட்டுக்கு இத்தகைய கட்டு கிடையாது. மேடும் பள்ளமும், ஓடையும் மரமும் எங்கே எவ்வாறு கிடக்கின்றனவோ அவற்றைக் கொண்டே அதன் களம் அமைகின்றது. ஆகவே, ஒரு காவியத்திற்கு ஆசிரியன் இருப்பது போல, நல்ல கோல்ப் மைதானம் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியன் உண்டு. அவனுடைய கருத்து இன்னது, அதை அவன் மண்ணில் எவ்வாறு எழுதினான் என்று நாம் ஆராயலாம். அத்தகைய மைதானம் ஒன்றைப் பற்றியும், அதை உடைமையாகக் கொண்ட சங்கத்தைப் பற்றியுமே இன்று பேச விரும்புகிறேன். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டா நகரில் உள்ள 'அகஸ்டா நேஷனல்' என்பது அச்சங்கத்தின் பெயர். ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் 'மாஸ்டர்ஸ்' என்னும் பெரும் போட்டி அங்கே நடைபெறுகின்றது.

கோல்ப் ஆடி அறியாத மாணவ நண்பர்களுக்காக இரண்டொரு சொற்கள் கூறிவிடுகிறேன். மைதானத்தில் 18 குழிகள் உண்டு. ஒவ்வொரு குழியைச் சுற்றியும் ஒட்டக் கத்தரித்த மெல்லிய புல்மேடை ஒன்று இருக்கும். அதனைக் 'கிரீன்' என்பர். பல நூறு கெஜத்திற்கு அப்பால் நின்று சிறிய பந்தை மட்டையால் அடித்து, அடித்து, இறுதியில் அக்குழிக்குள் தள்ள வேண்டும். குறைந்த அடிகளில் முடிப்பவன் வெற்றி பெறுவான். தேர்ந்த ஆட்டக்காரனுக்கு இந்தக் குழிக்கு இத்தனை அடி போதும் என்று ஒரு கணக்கு உண்டு. அதன் பெயர் 'பார்'. இடையில் மணற்குழி, நீரோடை, மரக்கூட்டம் ஆகியவை குறுக்கிடும். ஆட்டம் இவ்வளவே. சொல்வதற்கு எளிது, ஆடுவதற்கு எளிதன்று என்று ஆடியவர் அனைவரும் ஒரே குரலில் முறையிடக் கேட்டிருக்கிறேன்.

அகஸ்டாவில் அந்த நிலம் முதலில் அவுரி பயிரிட்ட தோட்டமாக இருந்தது. 1850-களின் பிற்பகுதியில் பெல்ஜியத்திலிருந்து வந்து குடியேறிய பெர்க்மன்ஸ் குடும்பத்தார் அதனை வாங்கி, 'புரூட்லண்ட்' என்ற பெயரில் நாற்றுப்பண்ணை ஒன்றை நடத்தினர். பழமரங்களும் பூஞ்செடிகளும் அங்கிருந்து பல ஊர்களுக்குச் சென்றன. அசேலியா என்னும் பூஞ்செடி அமெரிக்கத் தென்பகுதி எங்கும் பரவியதில் அப்பண்ணைக்குப் பெரும் பங்கு உண்டு. நுழைவாயிலிலிருந்து பழைய மாளிகை வரை இருமருங்கிலும் நிற்கும் மாக்னோலியா மரங்கள் அக்காலத்தில் நட்டவையே. 1910-ல் மூத்த பெர்க்மன்ஸ் இறந்தார். சில ஆண்டுகளில் பண்ணையும் மூடப்பட்டது. பின்னர் ஒருவர் அங்கே பெரிய ஓட்டல் கட்டத் திட்டமிட்டார், அதுவும் கைகூடவில்லை. மரங்கள் மட்டும் தம் போக்கில் வளர்ந்துகொண்டிருந்தன.

அந்நிலையில் அங்கே வந்து சேர்ந்தவர் பாபி ஜோன்ஸ். ஜார்ஜியாவின் அட்லாண்டா நகரைச் சேர்ந்த வழக்கறிஞர். பணத்துக்காக ஆடாதவர். 1930-ஆம் ஆண்டில், அக்காலத்தில் தலையாயவை என மதிக்கப்பட்ட நான்கு போட்டிகளிலும், அதாவது பிரிட்டனில் இரண்டிலும் அமெரிக்காவில் இரண்டிலும், ஒரே ஆண்டிற்குள் வெற்றி பெற்றார். வெற்றி பெற்ற கையோடு 28-ஆவது வயதில் போட்டிகளிலிருந்து விலகியும் விட்டார். புகழின் உச்சியில் நின்று இறங்கி வருவது அரிய செயல். அதை அவர் செய்தார். இனி நண்பர்களோடு அமைதியாக ஆடுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பது அவர் விருப்பம். நியூயார்க்கில் முதலீட்டுத் தொழில் செய்துவந்த கிளிப்போர்டு ராபர்ட்ஸ் அவருக்குத் துணை நின்றார். இருவரும் சேர்ந்து ஏறக்குறைய 365 ஏக்கர் நிலத்தைச் சங்கத்திற்காக வாங்க ஏற்பாடு செய்தனர்.

மைதானத்தை அமைக்க ஜோன்ஸ் தேர்ந்தெடுத்தவர் அலிஸ்டர் மெக்கன்சி என்னும் மருத்துவர். மருத்துவருக்கும் புல்வெளிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்தில் அவர் பிரிட்டிஷ் படையில் மருத்துவராகப் பணியாற்றினார். போயர்கள் தம் பதுங்கு குழிகளை இயற்கையான நிலம் போலவே அமைத்து, எதிரியின் கண்ணை ஏமாற்றிய திறம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. முதல் உலகப் போரில் இந்த மறைப்புக் கலையையே அவர் கற்பித்தார். போர்க்களத்தில் கற்ற அப்பாடம் பின்னர் கோல்ப் மைதானத்திற்கு வந்தது. மனிதன் வெட்டிய மேடு மனிதன் வெட்டியதாகத் தோன்றக் கூடாது. இயற்கையே அங்கு வைத்தது போல இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஜோன்ஸ் 1929-ல் கலிபோர்னியாவுக்கு ஒரு போட்டிக்காகச் சென்று முதற்சுற்றிலேயே தோற்றுப்போனார். அதனால் கிடைத்த ஓய்வில் மெக்கன்சி அமைத்த மைதானங்களை ஆடிப் பார்த்து அவருடைய திறமையை நேரில் உணர்ந்தார். தோல்வியினால் விளைந்த நன்மைகளுள் இதனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இருவருக்கும் பொதுவான குரு ஒருவர் உண்டு. அவர் மனிதர் அல்லர். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரின் பழைய மைதானமே அவர். கடற்கரை மணல்வெளியில் காற்றும் ஆடுகளும் காலமும் சேர்ந்து உருவாக்கிய களம் அது. மெக்கன்சி 1924-ல் அதனை அளந்து விரிவான வரைபடம் ஒன்று தயாரித்தார். ஜோன்ஸோ இளமையில் அங்கே மனமுடைந்து ஆட்டத்தை இடையில் கைவிட்டவர். பின்னர் அங்கேயே வென்று அந்நகரத்தாரின் அன்பைப் பெற்றவர். அங்கே அவர்கள் கற்ற பாடம் என்ன? இடர்களை மிகுதியாக வைப்பதனால் மைதானம் சிறந்துவிடாது. ஆட்டக்காரனைச் சிந்திக்க வைப்பதே சிறப்பு என்பதுதான்.

அகஸ்டாவில் இதனைச் செய்து காட்டினர். அக்காலத்து மைதானங்கள் பலவற்றில் மணற்குழிகள் மிகுந்து கிடக்கும். அகஸ்டாவில் தொடக்கத்தில் இருந்தவை 22 மட்டுமே. பந்து விழ வேண்டிய வெளிகளை மிக அகலமாக வைத்தார்கள். இருபக்கமும் பந்தை விழுங்கும் உயர்ந்த புல்லை வளர்க்கவில்லை. ஆகையால் சாதாரண ஆட்டக்காரன் பந்தைத் தொலைக்காமல், மனம் நோகாமல் ஆடி முடிக்கலாம். 'அப்படியானால் வல்லவனுக்கு என்ன சோதனை?' எனலாம். சோதனை புல்மேடையில் இருந்தது. அவை பெரியவை, அலை அலையாக மடிந்து சரிபவை. அகன்ற வெளியின் சரியான பக்கத்தில் பந்தை இறக்கியவனுக்கே குழியருகே செல்லும் வழி திறக்கும். தவறான பக்கத்தில் இறக்கியவனும் ஆடலாம், ஆனால் ஓரடி இரண்டடி மிகையாகும். தண்டனை இல்லை, விலை மட்டும் உண்டு.

இந்தத் தத்துவத்தை விளக்க 13-ஆம் குழி ஒன்றே போதும். அதற்குக் கணக்கு ஐந்து அடி. பாதை இடப்புறமாக வளைகின்றது. வளைவின் உட்புறத்தை ஒட்டிச் சிற்றோடை ஒன்று ஓடி, இறுதியில் புல்மேடையின் முன்னே குறுக்கே திரும்புகின்றது. துணிந்தவன் முதல் அடியை ஓடையை ஒட்டி அடிப்பான். தப்பினால் அவன் பந்து ஓரளவு சமமான இடத்தில் கிடக்கும்; இரண்டாம் அடியிலேயே ஓடையைத் தாண்டிப் புல்மேடையை எட்டலாம். அஞ்சியவன் வலப்புறம் விலகி அடிப்பான். அங்கே பந்து பாதங்களுக்கு மேலாகச் சரிவில் நிற்கும், புல்மேடையும் தொலைவாகிவிடும். அங்கிருந்து ஓடையைத் தாண்ட முயல்வதா, முன்னே சிறிதாகத் தட்டி வைத்து மூன்றாம் அடியில் செல்வதா? இந்த வினாவைத் தானே கேட்டுத் தானே விடை கூறிக்கொள்ள வேண்டும். அச்சமும் ஆசையும் ஒரே தராசில் ஏறும் இடம் அது. மண்ணை வெட்டி இப்படியொரு வினாவை எழுப்ப முடியும் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே உள்ளது.

15-ஆம் குழியும் இத்தன்மையதே. புல்மேடைக்கு முன்னே குளம் ஒன்று உண்டு. 1935-ஆம் ஆண்டின் இரண்டாவது போட்டியில் ஜீன் சாரசன் என்பவர் முன்னணியில் இருந்தவரைவிட மூன்று அடிகள் பின்தங்கியிருந்தார். ஏறக்குறைய 235 கெஜத்திலிருந்து அவர் அடித்த இரண்டாம் அடி குளத்தைத் தாண்டி, உருண்டு, நேரே குழிக்குள் விழுந்தது. ஐந்து அடிக் குழியை இரண்டே அடியில் முடித்துவிட்டார்! பின்தங்கியிருந்த மூன்றும் ஒரே வீச்சில் ஈடாயின. மறுநாள் நடந்த கூடுதல் ஆட்டத்தில் அவரே வென்றார். போட்டியின் புகழ் நாடெங்கும் பரவ அந்த ஓர் அடி பெரிதும் காரணமாயிற்று.

12-ஆம் குழியோ 155 கெஜமே. ஒரே அடியில் எட்டிவிடும் தூரம். முன்னே 'ரே' ஓடை. பின்னே செடிகள் அடர்ந்த மேடு. இடையே குறுகிய புல்மேடை. மரங்களுக்கு மேலே காற்று ஒரு திசையில் வீசும், கீழே கொடி வேறு திசையில் பறக்கும். 2016-ல் ஜோர்டன் ஸ்பீத் என்னும் இளைஞர் இறுதி நாளின் முற்பாதி முடிவில் ஐந்து அடிகள் முன்னிலையில் இருந்தார். அச்சிறு குழியில் இருமுறை பந்தை ஓடையில் இழந்து ஏழு அடிகள் செலவிட்டார். வெற்றி வேறொருவருக்குப் போயிற்று. 11, 12, 13 ஆகிய குழிகள் சேரும் அந்தத் தாழ்ந்த மூலைக்கு 'ஆமென் மூலை' என்று பெயர். 1958-ல் ஹெர்பர்ட் வாரன் விண்டு என்னும் எழுத்தாளர் இட்ட பெயர் அது. தொழுகையின் இறுதிச் சொல்லை அவ்விடத்திற்குச் சூட்டியது பொருத்தமே; அதனைக் கடந்தவர் பெருமூச்சு விடுவது வழக்கம்.

குழிகளுக்கெல்லாம் செடி கொடிகளின் பெயர்கள் உண்டு. 13-ஆவது அசேலியா, 10-ஆவது கமேலியா, 5-ஆவது மாக்னோலியா. பழைய நாற்றுப்பண்ணையின் நினைவு இவ்வாறு நிலைத்துவிட்டது. செடிகளைத் தேர்ந்து நடுவதில் பெர்க்மன்ஸ் குடும்பத்து மக்களே துணைபுரிந்தனர் என்பதும் குறிப்பிடத் தக்கது.

ஆனால் மைதானம் பிறந்த வேளை நல்ல வேளை அன்று. பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவை வாட்டிய காலம். 1800 உறுப்பினர்களைச் சேர்க்கத் திட்டமிட்டிருந்தார்கள். 1934-ல் முதற்போட்டி நடந்தபோது நூறு பேர் கூடச் சேரவில்லை. மெக்கன்சிக்குப் பேசிய ஊதியம் குறைக்கப்பட்டது. குறைத்ததிலும் ஒரு பகுதியே அவர் கைக்கு வந்தது. முதற்போட்டிக்கு இரண்டு மாதம் முன்னர், 1934 ஜனவரியில், கலிபோர்னியாவில் அவர் காலமானார். தாம் வடித்த மேடுகளில் புல் முழுவதும் போர்த்திய காட்சியை அவர் கண்டதே இல்லை. உலகம் இன்று தொலைக்காட்சியில் கண்டு மகிழும் அப்பசுமையை அதன் ஆசிரியன் மட்டும் காணவில்லை.

அவர் வைத்தபடியே மைதானம் நின்றுவிடவும் இல்லை. 1934-ல் முற்பாதியாக இருந்த ஒன்பது குழிகள் மறு ஆண்டே பிற்பாதி ஆயின. தாழ்ந்த மூலையில் காலைப்பனி விலகத் தாமதமாயிற்று என்பது இதற்குக் கூறும் காரணம். அதனால் நேர்ந்த நன்மை பெரிது; ஓடையும் குளமும் ஆட்டத்தின் இறுதிக் கட்டத்திற்கு வந்து சேர்ந்தன. பெர்ரி மாக்ஸ்வெல் என்பவர் 10-ஆம் குழியின் புல்மேடையைப் பின்னே உயரத்திற்குத் தள்ளி வைத்தார். 1947-ல் ராபர்ட் டிரெண்ட் ஜோன்ஸ் 16-ஆம் குழியைக் குளத்தோடு புதிதாக அமைத்தார். இவர் பாபி ஜோன்ஸுக்கு உறவினர் அல்லர். பெயர் ஒற்றுமை மட்டுமே.

யுத்த காலத்தில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 1943 முதல் 1945 வரை போட்டி இல்லை. புல்லை வீணாக்குவானேன் என்று மாடுகளை மேயவிட்டார்கள், வான்கோழிகளையும் வளர்த்தார்கள். மாடுகள் புல்லோடு நிற்கவில்லை. அசேலியாச் செடிகளையும் மரப்பட்டைகளையும் சுவைத்துப் பார்த்தன. மாட்டு வாணிகத்தில் சங்கத்திற்கு நட்டம், வான்கோழிதான் கைகொடுத்தது. போரின் பிற்பகுதியில் மைதானத்தைச் செப்பனிட, அருகிலிருந்த ராணுவ முகாமின் ஜெர்மானியப் போர்க் கைதிகளை அமர்த்தினார்கள்.

குடியரசுத் தலைவர் ஐசனோவரும் இச்சங்கத்தின் உறுப்பினரே. 17-ஆம் குழியின் இடப்புறம் நின்ற ஒரு பைன் மரம் அவருடைய பந்தை அடிக்கடி தடுத்தது. 1956-ல் சங்கக் கூட்டத்தில் எழுந்து அதனை வெட்டிவிட வேண்டும் என்றார். தலைமை வகித்த ராபர்ட்ஸ் உடனே கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டார்! படைகளை நடத்திய தளபதியால் ஒரு மரத்தை வெல்ல இயலவில்லை. 2014-ஆம் ஆண்டின் உறைபனிப் புயல்தான் அதனைச் சாய்த்தது.

இதுவரை நிலத்தைப் பற்றிப் பேசினேன். இனி வாயிலைப் பற்றிப் பேச வேண்டும். நிலம் எவ்வளவு அகலமாக வரவேற்றதோ, வாயில் அவ்வளவு குறுகலாக இருந்தது. இது தனியார் சங்கம். விண்ணப்பம் எழுதி உறுப்பினராக முடியாது. அழைப்பு வர வேண்டும். நெடுங்காலம் வரை அவ்வழைப்பு வெள்ளையரைத் தவிர வேறு எவருக்கும் செல்லவில்லை. ஆனால் மைதானத்தினுள் கறுப்பர்கள் இல்லாமலா இருந்தனர்? மட்டைப் பையைச் சுமந்து ஆட்டக்காரருக்குத் துணை செல்வோர் அனைவரும் கறுப்பர்களே. 1982 வரை, போட்டிக்கு வரும் ஆட்டக்காரர் சங்கத்தின் ஆட்களையே துணைக்குக் கொள்ள வேண்டும் என்பது விதி.

அவர்கள் வெறும் சுமைக்காரர்கள் அல்லர். மெக்கன்சி புல்மேடைகளில் எழுதிய மறைபொருளை முழுவதும் படித்தறிந்தவர்கள் அவர்களே. கண்ணுக்கு இடப்புறம் சரிவதாகத் தோன்றும் மேடை உண்மையில் ரே ஓடையின் பக்கம் இழுக்கும். இது போன்ற நுட்பங்களைச் சிறுவயதிலிருந்து நடந்து நடந்து கற்றிருந்தனர். கார்ல் ஜாக்சன் என்பவர் 1961-ல், பதினான்கு வயதில், முதன்முதலாக இப்போட்டியில் பை சுமந்தார். 1984-லும் 1995-லும் பென் கிரென்ஷா வென்றபோது அருகிருந்து வழிகாட்டியவர் அவரே. மைதானத்தின் தலைசிறந்த உரையாசிரியர்களுக்கு அதில் போட்டியிடும் உரிமை இல்லாதிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

தொழில்முறை ஆட்டக்காரர் சங்கமே 1961 வரை வெள்ளையருக்கு மட்டும் என்று தன் விதியில் எழுதி வைத்திருந்தது. சார்லி சிபோர்டு என்ற கறுப்பர் 1967-லும் 1969-லும் பெரிய போட்டிகளில் வென்றார். அகஸ்டாவிலிருந்து அழைப்பு வரவில்லை. பின்னர், குறிப்பிட்ட போட்டிகளில் வென்றவருக்குத் தாமாகவே இடம் உண்டு என்ற விதி 1972 முதல் நடைமுறைக்கு வந்தது. 1974-ல் லீ எல்டர் புளோரிடாவின் பென்சகோலா நகரில் வென்றார். அதே ஊர்ப் போட்டியில் 1968-ல் அவரும் பிற கறுப்பின ஆட்டக்காரரும் மாளிகைக்குள் நுழையவிடாமல் தடுக்கப்பட்டு, வண்டிகள் நிற்கும் இடத்தில் உடை மாற்றிக்கொண்டிருந்தனர். 1975 ஏப்ரலில் எல்டர் அகஸ்டாவின் முதற்குழியில் நின்றபோது, அப்போட்டியில் ஆடிய முதற் கறுப்பர் ஆனார். முதலிரண்டு நாட்களோடு அவர் ஆட்டம் முடிந்துவிட்டது. ஆயினும் வழி திறந்துவிட்டது. 1997-ல் 21 வயதான டைகர் உட்ஸ் பன்னிரண்டு அடிகள் முன்னிலையில் அங்கே வென்றபோது, அதைக் காண எல்டர் நேரில் வந்திருந்தார்.

உட்ஸின் வெற்றி மைதானத்தையே மாற்றியது. பந்து பறக்கும் தூரம் ஆண்டுக்காண்டு பெருகவே, சங்கத்தார் குழிகளைப் பின்னுக்குத் தள்ளினர்; புதிய மரங்களையும் நட்டனர். தொடக்கத்தில் சுமார் 6700 கெஜமாக இருந்த நீளம் 7500 கெஜத்தைத் தாண்டிவிட்டது. 13-ஆம் குழிக்காகப் பக்கத்து மைதானத்தின் நிலத்தையே வாங்கி, 2023-ல் 35 கெஜம் நீட்டினர். நீட்டியது சரியே, துணிவின் விலை குறைந்துவிட்டால் மெக்கன்சியின் வினாவே அழிந்துவிடும். ஆனால் அகன்ற வெளிகளை மரம் நட்டுக் குறுக்கியதை நான் ஒப்பமாட்டேன். பல வழிகள் இருந்த இடத்தில் ஒரே வழியை விட்டுவைப்பது அந்த ஆசிரியனின் கருத்துக்கு மாறானது.

வாயிலும் மெல்ல மெல்ல அகன்றது. 1990-ல் முதற் கறுப்பர் உறுப்பினரானார். பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று 2002-ல் எழுந்த கிளர்ச்சிக்குச் சங்கத்தார் பணியவில்லை. விளம்பரதாரருக்குத் தொல்லை வரலாகாது என்று இரண்டு ஆண்டுகள் விளம்பரமே இல்லாமல் போட்டியை ஒளிபரப்பச் செய்தனர். பிடிவாதத்திற்கு அவ்வளவு செலவிட்டவர்கள் 2012-ல் கண்டலீசா ரைஸ், டார்லா மூர் என்னும் இரு பெண்மணிகளை உறுப்பினராக ஏற்றனர். 2019-ல் பெண்களுக்கென்று ஒரு போட்டியையும் தொடங்கி, அதன் இறுதிச் சுற்றை அதே மைதானத்தில் நடத்தினர்.

2021 ஏப்ரலில் போட்டியைத் தொடங்கிவைக்கும் சடங்கிற்கு ஜாக் நிக்லஸ், கேரி பிளேயர் ஆகியோருடன் லீ எல்டரும் அழைக்கப்பட்டார். வயது 86. மூச்சுக்குக் குழாய் பொருத்தியிருந்தது. பந்தை அடிக்கும் வலிமை அவருக்கு இல்லை. இருக்கையிலிருந்து எழுந்து மட்டையை உயர்த்திக் காட்டினார். கூட்டத்தினர் எழுந்து நின்று கையொலி எழுப்பினர். அகஸ்டா நகரில் பெயின் கல்லூரி என்று கறுப்பின மாணவருக்காகத் தோன்றிய பழமையான கல்லூரி ஒன்று உண்டு. அங்கே கோல்ப் பயிலும் மாணவர் ஒருவருக்கும் மாணவி ஒருவருக்கும் எல்டர் பெயரால் சங்கம் உபகாரச் சம்பளம் ஏற்படுத்தியது. மாணவியர் கோல்ப் குழு அக்கல்லூரியில் அதுவரை இல்லை. அதனை அமைப்பதற்கான செலவையும் ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டு நவம்பரில் எல்டர் மறைந்தார்.